அடுத்த ஆண்டு பார்ப்போம்!

திருச்சபைக்குத் திருவருகைக் காலத்தில் தொடங்கும் ஓர் ஆண்டு உண்டு. அரசாங்கத்துக்கு ஜனவரியில் பிறக்கும் ஆண்டு ஒன்று உண்டு. நியூயார்க் மாநகரின் ஒரு பகுதியாகிய புரூக்ளினில், இவ்விரண்டோடு மூன்றாவதாக ஓர் ஆண்டும் 1957 வரை மக்களால் பக்தி சிரத்தையோடு அனுசரிக்கப்பட்டு வந்தது. அது ஏப்ரல் மாதத்தில், பாஸ்கு விழாவுக்குச் சற்று முன்போ பின்போ தொடங்கும். செப்டம்பர் இறுதியில் முடியும். மக்களின் மன்றாட்டு கேட்கப்பட்டால் அக்டோபரிலும் சில நாட்கள் நீளும். டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் குழுவின் ஆட்டப் பருவமே அது.

விளையாட்டைப் பற்றிக் கத்தோலிக்கக் குடும்ப இதழில் எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதுகையில் பந்தயத் திடலில் ஓடுவோரை எடுத்துக்காட்டாகக் கொள்ளத் தயங்கவில்லை. ஆயினும் நாம் இங்கே பேச விரும்புவது ஓடியவர்களைப் பற்றியன்று; பெஞ்சுகளில் அமர்ந்து பார்த்தவர்களைப் பற்றி; வீட்டுத் திண்ணையில் வானொலியைச் சுற்றி அமர்ந்து கேட்டவர்களைப் பற்றி. தங்களுக்குச் சொந்தமல்லாத ஒன்றின்மீது ஒரு மக்கள்கூட்டம் முழு உள்ளத்தையும் வைத்தால் என்ன நேரும் என்பதற்குப் புரூக்ளினைவிடச் சிறந்த சான்று நமக்குத் தெரிந்தவரையில் இல்லை.

பேஸ்பால் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. உருண்டைத் தடியால் பந்தை அடித்துவிட்டு, நான்கு மூலைகளில் அமைந்த தளங்களைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். பந்து வேலிக்கு அப்பால் பறந்துவிட்டால் அது ஹோம் ரன். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிவு. இவ்வளவு தெரிந்தால் போதும். இவ்வாட்டத்தின் தனித்தன்மை அதன் விதிகளில் இல்லை; அது ஏறத்தாழ நாள்தோறும் நடைபெறுவதில் உள்ளது. அந்நாட்களில் ஒரு பருவத்துக்கு 154 ஆட்டங்கள், இப்போது 162. எவ்வளவு சிறந்த குழுவும் பத்து ஆட்டங்களில் மூன்று நான்கிலாவது தோற்றே தீரும். பத்து முறை தடியைப் பிடித்து மூன்று முறை வெற்றி காண்பவனைச் சிறந்த ஆட்டக்காரன் என்று போற்றுகிறார்கள். எனவே ஒரு குழுவைப் பின்தொடரும் ரசிகன் தோல்வியை வாரம் இருமுறையேனும் விழுங்கிச் செரித்தாக வேண்டும். நம் நவசந்நியாசத்தில்கூட இத்தகைய பயிற்சி இருந்ததா என்பது ஐயமே.

புரூக்ளின் 1898-இல் நியூயார்க்குடன் இணைக்கப்பட்டது. அதற்கு முன் அது தனி நகரம். மறைமாவட்டமோ 1853-இலேயே தனியாக அமைந்துவிட்டது. கோவில்களின் நகரம் என்று அதற்கு ஒரு பெயர். இத்தாலியர், ஐரிஷ்காரர், போலந்து நாட்டார் எனக் குடியேறிய கத்தோலிக்கர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தனர். அவர்களுக்கு அடுத்த தெருவில் யூதர். சற்றுத் தள்ளிக் கறுப்பின மக்கள். கோவில் வேறு, மொழி வேறு, உணவு வேறு. அனைவருக்கும் பொதுவாக இருந்தது டாட்ஜர்ஸ் குழு ஒன்றே. அப்பெயருக்கு 'விலகி ஓடுவோர்' என்பது பொருள். தெருவெங்கும் ஓடிய டிராம் வண்டிகளுக்கு விலகி விலகி நடந்த புரூக்ளின் மக்களைக் கேலி செய்ய எழுந்த சொல்லே குழுவின் பெயராயிற்று.

1913-இல் திறக்கப்பட்ட எபெட்ஸ் மைதானத்தில் ஏறத்தாழ 32,000 பேர் மட்டுமே அமரலாம். இட நெருக்கடியால், ஆட்டக்காரன் முணுமுணுப்பது ரசிகனுக்கும், ரசிகன் திட்டுவது ஆட்டக்காரனுக்கும் கேட்கும். ஹில்டா செஸ்டர் என்ற பெண்மணி பித்தளை மணியொன்றைக் கையிலேந்தி ஓயாது ஆட்டிக்கொண்டிருப்பார். சுருதியே சேராத வாத்தியக் கோஷ்டி ஒன்று ரசிகர்களிலிருந்து தானாக முளைத்து, நடுவர்களைப் பரிகசித்து இசைத்தது. மைதானச் சுவரில் துணிக்கடைக்காரர் ஒருவரின் விளம்பரப் பலகை. அடித்த பந்து நேரே அதில் பட்டால் அடித்தவருக்கு ஓர் உடை இலவசம். அக்கடைக்காரர் ஏப் ஸ்டார்க் இதனால் பெற்ற புகழைக் கொண்டே பின்னர் நகர அரசியலில் உயர்ந்தார் என்பது சுவையான செய்தி.

மைதானம் செல்ல வசதியற்றோர்க்கு வானொலி இருந்தது. ரெட் பார்பர் என்பவர் 1939 முதல் 1953 வரை அமைதியான குரலில் ஆட்டத்தை வருணித்தார். கோடைக் காலத்தில் எல்லா வீட்டுச் சன்னல்களும் திறந்திருக்க, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து செல்பவன் ஒரு பந்தைக்கூடத் தவறவிடாமல் கேட்கலாம் என்று அக்காலத்தவர் கூறுவர்.

வானொலியில் கேட்ட ஆட்டத்தை மாலையில் தந்தைக்கு ஒப்புவித்த சிறுமி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின் என்பவர் இன்று அமெரிக்காவின் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர். 1943-இல் பிறந்து, நியூயார்க்கை அடுத்த ராக்வில் சென்டர் என்னும் ஊரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். ஆறு வயதில் தந்தை அவருக்கு ஆட்டக் குறிப்பேடு எழுதக் கற்றுக்கொடுத்தார். யார் அடித்தது, யார் பிடித்தது, எந்தத் தளத்தில் எவன் வீழ்ந்தான் என அனைத்தையும் சிறு சிறு குறிகளால் பதித்துவைக்கும் முறை அது. பகலில் வானொலி கேட்டுச் சிறுமி குறிப்பெடுப்பாள். பணிமுடிந்து வரும் தந்தையருகில் அமர்ந்து ஒன்பது இன்னிங்ஸையும் ஒன்றுவிடாமல் விவரிப்பாள். தான் சொல்லாவிட்டால் தந்தைக்கு ஆட்டத்தை அறிய வேறு வழியே இல்லை என்பது அவள் எண்ணம். செய்தித்தாளில் இவையனைத்தும் அச்சாகின்றன என்பதைத் தந்தை சொல்லவேயில்லை! பிள்ளைகளிடம் 'இன்று என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைகால் கழுவச் செல்லும் தந்தையர் இதைச் சிறிது சிந்திக்கலாம்.

இவர் தம் இளமை நினைவுகளை 1997-இல் நூலாக வெளியிட்டார். அதில் தம் முதல் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிக் கூறுவது குருக்களாகிய நமக்கு மிகவும் சுவைக்கும். எதிரணி ஆட்டக்காரர்கள் கைகால் முறிந்து கிடக்க வேண்டுமென்று தாம் விரும்பியதை அச்சிறுமி அறிக்கையிட்டாள். திரைக்கு அப்பால் அமர்ந்திருந்த குருவானவரோ தாமும் டாட்ஜர்ஸ் ரசிகர். நம் குழு ஒருநாள் நேர்மையாகவே வெல்லும். அதற்காகப் பிறர்க்குத் தீங்கு நினைக்க வேண்டியதில்லை என்று அவர் தேற்றினாராம். இதைவிடச் சிறந்த அறிவுரையை எந்த ஒழுக்கவியல் பேராசிரியர் தந்திருப்பார்?

ஆனால் 'ஒருநாள்' வரவேயில்லை. அமெரிக்காவின் இரு பெரும் கழகங்களில் முதலிடம் பெறும் குழுக்கள் அக்டோபரில் மோதுவது உலகத் தொடர் எனப்படும். டாட்ஜர்ஸ் 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஏழு ஆண்டுகளில் அத்தொடரை எட்டி, ஏழிலும் தோற்றது. அவற்றில் கடைசி ஐந்தும் அதே மாநகரின் மறுபகுதியைச் சார்ந்த, செல்வமும் செல்வாக்கும் மிகுந்த யாங்கீஸ் குழுவிடம். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் புரூக்ளின் மக்கள் சொன்னது ஒரே சொல்: 'அடுத்த ஆண்டு பார்ப்போம்!'

1951-ஐ மட்டும் சற்று விரித்துரைக்க வேண்டும். ஆகஸ்ட் நடுவில் டாட்ஜர்ஸ் தன் பரம எதிரியாகிய ஜயண்ட்ஸ் குழுவைவிட 13 ஆட்டங்களுக்கு மேல் முன்னணியில் இருந்தது. ஏழு வாரத்தில் அத்தனையும் கரைந்து, பருவ முடிவில் இரு குழுக்களும் சமநிலையில் நின்றன. மூன்று ஆட்டத் தீர்வில் ஆளுக்கொன்று வென்றபின், அக்டோபர் 3 அன்று மூன்றாவது. பழைய திருநாட்குறிப்பின்படி அது குழந்தை இயேசுவின் தெரசம்மாள் திருநாள். கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது டாட்ஜர்ஸ் 4, ஜயண்ட்ஸ் 1. பிறகு 4-க்கு 2. அந்நிலையில் பந்து வீச அழைக்கப்பட்டவர் ரால்ப் பிராங்கா, வயது 25, கத்தோலிக்கர். அவர் வீசிய இரண்டாம் பந்தைப் பாபி தாம்சன் வேலிக்கு அப்பால் அடித்தார். மூன்று ஓட்டங்கள். ஒரு பருவத்தின் உழைப்பு ஒரு கண்ணிமைப்பில் முடிந்தது.

அன்று மாலை வாகனம் நிறுத்துமிடத்தில், தாம் மணக்கவிருந்த பெண்ணின் உறவினரான குருவானவரிடம் பிராங்கா, 'ஏன் எனக்கு?' என்று கேட்டார். இச்சிலுவையைச் சுமக்கும் அளவுக்கு உன் விசுவாசம் உறுதியானது என்று கடவுளுக்குத் தெரியும் என்பதே கிடைத்த மறுமொழி. பந்தாட்டத் தோல்வியைச் சிலுவை என்பது மிகையன்றோ என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் 65 ஆண்டுகள், 2016-இல் கண்மூடும் வரை, அந்த ஒரு பந்துக்காகவே அம்மனிதரை உலகம் நினைவில் வைத்திருந்தது என்பதை எண்ணினால் அக்குருவானவரைக் குறைகூற மாட்டோம். 2001-இல் வேறொரு செய்தி வெளிவந்தது. ஜயண்ட்ஸ் குழுவினர் அப்பருவத்தில் தொலைநோக்கி ஒன்றை மறைத்து வைத்து, எதிரணியின் சைகைகளைத் திருட்டுத்தனமாக அறிந்துவந்தனர் என்பதே அது. பிராங்கா இதை வெகுநாட்களுக்கு முன்பே செவியுற்றிருந்தும் வெளியிட்டுப் பெயர் மீட்க முயலவில்லை. தாம்சனோடு மேடைகளில் தோன்றி நட்புப் பாராட்டியே வந்தார்.

ஜயண்ட்ஸ் குழுவை அவ்வாண்டு நடத்தியவர் லியோ துரோசர். இவர் முன்பு டாட்ஜர்ஸின் மேலாளராக இருந்தவர். 1947-இன் தொடக்கத்தில் புரூக்ளின் மறைமாவட்டக் கத்தோலிக்க இளைஞர் அமைப்பு, இவருடைய வாழ்க்கை சிறுவர்க்கு நல்ல மாதிரி அன்று எனக் கூறி, குழு நடத்திய சிறுவர் ரசிகர் மன்றத்திலிருந்து தன் பிள்ளைகளை வெளியேற்றிக்கொண்டது. சில வாரங்களில் ஆட்டத் தலைமை ஆணையர் துரோசரை அப்பருவம் முழுவதற்கும் விலக்கிவைத்தார். குருக்கள் விளையாட்டில் தலையிட்டனர் என்று அப்போது பலர் முறுமுறுத்தனர். பிள்ளைகளைச் சேர்த்துவிட்டவர்களுக்கு அவர்களைத் திரும்ப அழைக்கும் உரிமையும் உண்டு என்பதே நம் கருத்து. ஆயினும் நீதி தவறாது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வசந்த காலத்தில், கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சனுடன் சேர்ந்து ஆடமாட்டோம் என்று குழுவிற்குள் சிலர் கையெழுத்துத் திரட்டியபோது, நள்ளிரவில் அவர்களை எழுப்பி வெளுத்து வாங்கியவரும் இந்தத் துரோசரே. மனிதர்களைத் தராசின் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவிட முடிவதில்லை.

1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் எபெட்ஸ் மைதானத்தில் இறங்கினார். கறுப்பினத்தவர் பெருங்கழக ஆட்டத்திலிருந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த நிலை அன்று உடைந்தது. குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ஞாயிறன்று மைதானத்தில் கால் வைக்காத மெதடிஸ்ட் சபையினர். ஏசினாலும் அடித்தாலும் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதை ராபின்சன் காத்தார். ரசிகர்களைப் பொறுத்தவரை இது ஒரு சோதனையாயிற்று. தன் தெருவில் கறுப்பர் குடிவருவதை விரும்பாத ஒருவன், தன் குழுவிற்காக ஓடும் கறுப்பருக்குக் கைதட்ட வேண்டும்! கைதட்டினான். அதனால் அவன் உள்ளம் முழுவதும் மாறிற்று என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் அவனுடைய பிள்ளைகள் ராபின்சனின் படத்தைச் சுவரில் ஒட்டி வளர்ந்தனர்.

இனி கில் ஹாட்ஜஸ். இந்தியானா மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகன். புரூக்ளின் பெண்ணை மணந்து அங்கேயே தங்கிவிட்ட கத்தோலிக்கர். அமைதியும் வலிமையும் ஒருங்கே அமைந்தவர். 1952 உலகத் தொடரில் ஏழு ஆட்டங்களில் 21 முறை தடி பிடித்தும் ஒரு முறைகூடப் பந்தை ஒழுங்காக அடித்துத் தளம் சேரவில்லை. 1953 வசந்தத்திலும் அதே நிலை. மே மாதத்தில் அவரை ஆட்டத்திலிருந்தே சில நாள் விலக்கி வைத்தார்கள். பிற ஊராயின் கூச்சலிட்டு ஏசியிருப்பர். புரூக்ளினில் எவரும் அவரை ஏசவில்லை. கடிதங்கள் வந்தன, செபமாலைகளும் புனிதர்களின் பதக்கங்களும் வந்தன. நாம் முன்பு கூறிய சிறுமி டோரிஸ், திருத்தந்தையால் ஆசீர்வதிக்கப்பட்ட புனித கிறிஸ்தோபர் பதக்கம் ஒன்றை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். அம்மாதத்தில் வெயில் கொளுத்திய ஒரு ஞாயிறன்று, புனித பிரான்சிஸ் சவேரியார் கோவிலில் திருப்பலி நிறைவேற்றிய ஹெர்பர்ட் ரெட்மண்ட் அடிகளார், இவ்வெப்பத்தில் பிரசங்கம் வேண்டாம், வீட்டுக்குப் போய்க் கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காக ஒரு செபம் சொல்லுங்கள் என்று மூன்றே வாக்கியங்களில் முடித்துக்கொண்டார். (நம் பங்கு மக்கள் இதைப் படித்துவிட்டு நம்மிடம் எந்த விண்ணப்பத்தோடும் வர வேண்டாம்.)

ஹாட்ஜஸ் மீண்டார். அப்பருவத்தை 31 ஹோம் ரன்களோடு முடித்தார். இதை அற்புதம் என்று நாம் பதிவு செய்யப்போவதில்லை. பந்தாட்டத்தில் எந்தப் பக்கம் வெல்ல வேண்டுமென்று இறைவனைக் கேட்பது சரியா? யாங்கீஸ் குழுவின் யோகி பெர்ராவும் கத்தோலிக்கரே; அவருக்காகவும் ஒரு தாய் செபமாலை உருட்டியிருப்பாள். ஆனால் ரெட்மண்ட் அடிகளார் வெற்றியைக் கேட்கச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துவண்டுபோன ஒரு மனிதனுக்காக மன்றாடச் சொன்னார். அவன் செல்வனாகவும் புகழ்பெற்றவனாகவும் இருந்தால் அவனுக்குச் செபம் தேவையில்லையா?

1955 வந்தது. முதல் பத்து ஆட்டங்களையும் வென்று தொடங்கிய டாட்ஜர்ஸ், 98 வெற்றிகளோடு செப்டம்பர் 8-ஆம் நாளே கழகத்தில் முதலிடத்தை உறுதிசெய்தது. உலகத் தொடரில் மீண்டும் யாங்கீஸ். முதல் இரண்டும் தோல்வி. எபெட்ஸ் மைதானத்தில் அடுத்த மூன்றும் வெற்றி. ஆறாவது தோல்வி. அக்டோபர் 4, அசிசியாரின் திருநாளன்று, எதிரியின் மைதானத்தில் ஏழாவது ஆட்டம். ஜானி பாட்ரஸ் என்னும் 23 வயது இளைஞர் பந்து வீசினார். ஹாட்ஜஸ் தடி பிடித்து இரு ஓட்டங்களுக்கும் வழிசெய்தார். ஆறாவது இன்னிங்ஸில் பெர்ரா ஓங்கி அடித்த பந்தைக் கியூபா நாட்டுச் சாண்டி அமோரோஸ் நெடுந்தூரம் ஓடிக் கையை நீட்டிப் பிடித்தது இன்றும் பேசப்படுகிறது. முடிவு 2-0. கடைசிப் பந்தைப் பிடித்தவரும் ஹாட்ஜஸே. அன்றிரவு புரூக்ளின் தெருக்களில் மக்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர், கார்கள் ஒலியெழுப்பின.

ஈராண்டுகளில் குழு ஊரைவிட்டே போய்விட்டது.

உரிமையாளர் வால்டர் ஓமாலி, இவரும் கத்தோலிக்கர், எபெட்ஸ் மைதானம் பழுதடைந்துவிட்டது, 700 கார்களுக்கு மேல் நிறுத்த இடமில்லை, ரசிகர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்கின்றனர் என்று பல ஆண்டுகளாகக் கூறிவந்தார். புரூக்ளினின் நடுவே நிலம் பெற்றுத் தர வேண்டினார். நகர நிர்மாணத்தில் பெரும் அதிகாரம் செலுத்திய ராபர்ட் மோசஸ் அதற்கு இணங்காமல், குவீன்ஸ் பகுதியில் இடம் காட்டினார். இவர் பிடிவாதம் பெரிதா, அவர் பேராசை பெரிதா என்று அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். 1957 அக்டோபர் 8 அன்று, டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு மாறும் என்ற அறிவிப்பு வெளிவந்தது. செப்டம்பர் 24 இரவு நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்தைக் காண வந்திருந்தோர் 6,702 பேர். பிட்ஸ்பர்க் குழுவை 2-0 என வென்றார்கள். ஆர்கன் வாசிப்பவர் பிரிவுப் பாடல்களை ஒவ்வொன்றாக வாசித்தார். 1960 பிப்ரவரியில் மைதானத்தை இடிக்க வந்த இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் போலவே வெள்ளை வர்ணமும் சிவப்புத் தையலும் தீட்டியிருந்தார்கள். இதைப் படித்தபோது நமக்குக் கோபமே வந்தது. பிணத்துக்குப் பொட்டிட்டுச் சிரிப்பது போன்ற செயல் அது. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது.

சட்டப்படி ஓமாலி செய்ததில் குற்றமில்லை. குழு அவருடைய சொத்து. ஆனால் நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் குறிப்பேடு எழுதியவனுக்கும், மணியடித்தவளுக்கும், வேலையில்லாத நாளிலும் சில்லறை சேர்த்து மகனை அழைத்துச் சென்ற தந்தைக்கும் அதில் எந்தப் பங்கும் இல்லையா? பங்குக் கோவில்களைக் கட்டியபோது தாய்மார்கள் பிடியரிசி சேர்த்துக் கொடுத்ததை நாம் அறிவோம். பத்திரத்தில் அவர்கள் பெயர் இராது. அதற்காக அவர்களைக் கேளாமல் கோவிலைப் பெயர்த்துச் செல்ல எந்த ஆயரும் மனம் ஒப்பார். அன்பு வைத்தவர்களுக்குப் பொருளாதாரம் உரிமை எதையும் தருவதில்லை. புரூக்ளின் மக்கள் அதை மிகவும் தாமதமாக அறிந்தனர். அவர்களுள் சிலர் அதன்பின் எந்த ஆட்டத்தையும் பார்க்கவே மறுத்தனர். தங்களைத் தோற்கடித்த யாங்கீஸ் பக்கம் சென்றவர் சிலரே. பெரும்பாலோர் 1962-இல் நியூயார்க்கில் புதிதாகத் தோன்றிய மெட்ஸ் குழுவைத் தத்தெடுத்துக்கொண்டனர். அது 1964 முதல் ஆடியது ஓமாலி வேண்டாமென்ற அதே குவீன்ஸ் பகுதியில்!

டோரிஸ் பதினைந்து வயதில் தாயை இழந்தார். குழு ஊர்விட்டுச் சென்றதும் ஏறத்தாழ அதே காலம். படிப்புக்காகப் பாஸ்டன் பக்கம் சென்றபின் அந்நகரின் ரெட் சாக்ஸ் குழுவிற்கு ரசிகையாகி, அதே பழைய குறிப்பேட்டு முறையைத் தம் மகன்களுக்குக் கற்பித்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் டாட்ஜர்ஸுக்குப் புதிய மக்கள் கூட்டம் சேர்ந்தது. 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகத் தொடரை வென்றதும் அக்குழுவே. அவர்களோடு மேற்கே சென்ற வானொலி வருணனையாளர் வின் ஸ்கல்லி, 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் அதே குழுவிற்காகப் பேசினார். ஓய்வு பெற்றபின் அக்குரலால் செபமாலையையும் ஒலிப்பதிவு செய்து தந்தார்.

ஹாட்ஜஸும் குழுவோடு மேற்கே சென்றார். ஆனால் வீட்டைப் புரூக்ளினிலேயே வைத்துக்கொண்டு, நியூயார்க்குக்கே திரும்பினார். மெட்ஸ் குழுவின் மேலாளராக 1969-இல் உலகத் தொடரை வென்று தந்தார். 1972 ஏப்ரல் 2, உயிர்ப்புப் பெருவிழாவன்று மாரடைப்பால் மரித்தார். 48 வயது நிறைய இரு நாட்கள் இருந்தன. அடக்கத்திற்குப் பழைய தோழர்கள் வந்தனர். ராபின்சனும் வந்தார், அதே ஆண்டு அக்டோபரில் அவரும் மறைந்தார். ஹாட்ஜஸின் உடல் புரூக்ளின் திருச்சிலுவைக் கல்லறையில் துயில்கொள்கிறது. ஓமாலியின் கல்லறை கலிபோர்னியாவில். அதற்கும் திருச்சிலுவைக் கல்லறை என்றே பெயர்.

ஆட்டக்காரர்களின் புகழ் மண்டபத்தில் ஹாட்ஜஸின் பெயரைச் சேர்க்க வேண்டுமென்று புரூக்ளினின் பழைய ரசிகர்கள் ஆண்டுதோறும் எழுதிக்கொண்டே இருந்தனர். வாக்கெடுப்பில் ஆண்டுதோறும் தோற்றனர். 2021 டிசம்பரில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவர்களுள் பெரும்பாலோர் உயிருடன் இல்லை. அவருடைய மனைவி ஜோன் இருந்தார், புரூக்ளினிலேயே, 95 வயதில். 2022 ஜூலையில் நடந்த விழாவுக்குப் பயணம் செய்ய அவருக்கு இயலவில்லை. மகள் சென்று அன்னையின் பெயரால் பேசினார். செப்டம்பரில் ஜோன் காலமானார்.